ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு விண்டோஸ்: ஒரு மேசைக் கணினியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான்கு பேர் வேலை செய்யும் ஒரு கணக்கு அலுவலகம். வரவு செலவுப் பதிவுகள் முழுவதும் ஒரே மேசைக் கணினியில் இருந்தன. கணினிக்கு வயது 7 ஆண்டு, ரேம் 8 ஜிபி, இயங்குதளம் விண்டோஸ் 10. உள்ளே இருந்தது 7200 ஆர்பிஎம் வேகத்தில் சுழலும் 1 டிபி ஹார்ட் டிஸ்க். அதில் ஐந்து பார்ட்டிஷன்கள், அதாவது பிரிவுகள்: பூட் கோப்புகள் உள்ள 100 எம்பி இஎஃப்ஐ, விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் 16 எம்பி எம்எஸ்ஆர், 250 ஜிபி சி டிரைவ், 500 எம்பி அளவுக்கு ரெக்கவரி, மிச்சமெல்லாம் டி டிரைவ். சி டிரைவில் 118 ஜிபியும் டி டிரைவில் 96 ஜிபியும் நிரம்பியிருந்தன.

சில மாதங்களாகவே கணினி மெதுவாகிக்கொண்டு வந்தது. பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து கணக்கு மென்பொருள் திறக்கும் வரை 6 நிமிடம் 40 விநாடி ஆயிற்று. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பயன்பாடு 100 சதவீதத்திலேயே நின்றது. உரிமையாளர், சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவைச் சேமிக்கும் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்கினார். அலுவலகத்தில் கணினி தெரிந்த ஓர் இளைஞர் யூஎஸ்பி கேபிள் வழியாக அதை இணைத்து, டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும், அதாவது குளோன் செய்யும், மென்பொருள் ஒன்றை ஓட்டினார்.

முதல் முயற்சியில் 38 சதவீதத்தில் வாசிப்புப் பிழை என்று நின்றுவிட்டது. இரண்டாவது முறை, கெட்ட செக்டார்களை, அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகளை, தாண்டிப் போகச் சொல்லும் தேர்வை இயக்கி மீண்டும் ஓட்டினார். அதே இடத்துக்கு வந்ததும் மூன்று மணி நேரம் எண்ணிக்கை நகரவே இல்லை. டிஸ்க்கிலிருந்து சீரான இடைவெளியில் ‘டிக்… டிக்…’ என்று சத்தம் வந்தது. வாசிக்க முடியாத இடத்துக்கு, தட்டை வாசிக்கும் முனையான ஹெட் திரும்பத் திரும்பப் போய் வரும்போது எழும் சத்தம் அது. இளைஞர் குளோனை நிறுத்திவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிட்டார். அந்த நேரத்தில் நிறுத்தியது சரியான முடிவு.

என்ன தெரிந்தது

டெக்னீஷியன் முதலில், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்யும் ஸ்மார்ட் அளவீடுகளைப் பார்த்தார். வேறு இடத்தில் மாற்றி எழுதப்பட்ட செக்டார்கள், அதாவது 05 என்ற வரி: 48. வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்கள், அதாவது சி5 என்ற வரி: 24. கேபிள் வழியே வரும் பிழையைக் காட்டும் சி7 வரி: 0. ஆகவே கேபிளை மாற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை, பழுது டிஸ்க்கின் தட்டிலேயே இருக்கிறது.

24 என்ற எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். இந்த வகை டிஸ்க் வெளியே 512 பைட் செக்டாராகக் கணக்குச் சொன்னாலும் உள்ளே 4096 பைட்டாகத்தான் எழுதுகிறது. தட்டில் ஓரிடம் கெட்டால் எட்டு செக்டார்கள் சேர்ந்தே போகும். 24 என்றால் உண்மையில் கெட்டது மூன்று இடம். சிறிய எண்தான். ஆனால் இரண்டு குளோன் முயற்சிகளுக்கு முன்னால் அது எவ்வளவு இருந்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்தபோது, டிஸ்க் என்ற மூலத்திலிருந்து எண் 7, எண் 153 என்ற பதிவுகள் வாரக்கணக்கில் வரிசையாக இருந்தன. முன்னது கெட்ட இடம் கண்டதைச் சொல்வது. பின்னது ஒரு வாசிப்பை மறுபடி முயன்றதைச் சொல்வது. கணினி மெதுவானதற்கு வயதோ ரேமோ காரணமல்ல. ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் விண்டோஸ் காத்துக்கொண்டு நின்றதுதான் காரணம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

“அண்ணா, முதல்ல செக்டிஸ்க் ஓட்டிடலாமா?” என்று இளைஞர் கேட்டார். “இப்ப வேண்டாம்ப்பா. அது ஒரு மூலை விடாம எல்லாத்தையும் படிக்கும், படிச்சுட்டு எழுதவும் செய்யும்” என்றார் டெக்னீஷியன். சாகக் கிடக்கும் டிஸ்க்கில், விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஆர் சுவிட்ச் போட்டு, அதாவது கெட்ட செக்டார்களையும் தேடச் சொல்லி, ஓட்டுவது பலரும் சொல்லும் யோசனை. நல்ல டிஸ்க்கில் கோப்பு அமைப்பு குழம்பியிருந்தால் அது உதவும். தட்டே கெட்டுப்போகும் நிலையில், இருக்கிற கொஞ்ச ஆயுளையும் அது தின்றுவிடும். அதுவும் நகல் எதுவும் கையில் இல்லாத நேரத்தில்.

புதிதாக விண்டோஸ் நிறுவுவதா, இருப்பதையே மாற்றுவதா என்ற கேள்வி வந்தது. கணக்கு மென்பொருளின் அந்தப் பதிப்புக்கு நிறுவும் கோப்பு யாரிடமும் இல்லை, பிரின்டர் அமைப்புகளும் வார்ப்புருக்களும் ஏழு ஆண்டில் சேர்ந்தவை. அதனால் இருப்பதையே மாற்றுவது என்று முடிவாயிற்று. இயங்குதளத்தை அடுத்த பதிப்புக்கு ஏற்றும் பேச்சைத் தனியாக ஒத்திவைத்தார்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால், பிறகு ஏதாவது கோளாறு வரும்போது எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது.

வழக்கமான குளோன் மென்பொருள் இனி வேண்டாம் என்பது அடுத்த முடிவு. குளோன் என்பது டிஸ்க்கை வரிசையாக வாசிப்பது. கெட்ட இடத்தில் முட்டினால் அங்கேயே நின்று போராடும். பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் கருவியான டிடிரெஸ்க்யூ அப்படி இல்லை. நன்றாக வரும் இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு வைக்கும். எதை எடுத்தது, எதை விட்டது என்று மேப் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஆனால் 931 ஜிபியாகத் தெரியும் டிஸ்க்கை 465 ஜிபியாகத் தெரியும் எஸ்எஸ்டியில் அப்படியே ஊற்ற முடியாது. சுருக்க வேண்டுமென்றால் பார்ட்டிஷனைப் பழைய டிஸ்க்கிலேயே சுருக்க வேண்டும். அதாவது கெட்ட தட்டில் எழுத வேண்டும். அதைத் தவிர்க்க, முழு டிஸ்க்கையும் 2 டிபி வெளி டிஸ்க் ஒன்றில் இமேஜ் கோப்பாக, அதாவது டிஸ்க்கின் முழு நகலை ஒரே கோப்பாக, எடுத்து, அதிலிருந்து எஸ்எஸ்டிக்குத் தேவையானதை மட்டும் எழுதுவது என்று தீர்மானித்தார்கள். பழைய டிஸ்க்கைப் பொறுத்தவரை ஒரே ஒரு முழு வாசிப்பு, ஒரு பைட் எழுத்துகூட இல்லை. வெளி டிஸ்க் என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தது. ஃபேட்32 ஆக இருந்திருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது.

டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இயங்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டார்கள். இயங்கியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கையில் வாங்காமல் அடுத்த படிக்கே போயிருக்கக் கூடாது.

முதல் நாள்: கோப்புகள்

நான்கு மணி நேர வாசிப்பின் நடுவில் டிஸ்க் செத்தாலும் கணக்கு பிழைக்க வேண்டும் என்பதால், கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புறையை, 4 ஜிபி, முதலில் வெளி டிஸ்க்குக்கு எடுத்தார்கள். அதோடு நிற்காமல் டி டிரைவ் முழுவதையும் விண்டோஸின் நகல் கட்டளையான ரோபோகாப்பியில் நகலெடுத்தார்கள். அதில் மறுமுயற்சியை 1 என்றும் காத்திருப்பை 1 விநாடி என்றும் குறைத்தது அவசியமான திருத்தம். சொல்லாவிட்டால் ரோபோகாப்பி ஒரு கோப்புக்கு 10 லட்சம் முறை, ஒவ்வொரு முறைக்கும் 30 விநாடி இடைவெளி விட்டு முயலும். ஒரு கெட்ட கோப்பிலேயே காலம் போய்விடும்.

50 நிமிடத்தில் நகல் முடிந்தது. முடிவு அறிக்கையில் ‘தோல்வி’ என்ற பத்தியின் கீழ் 1 என்று இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. பின்னால் வந்த தொல்லைக்கெல்லாம் விதை அந்த ஒற்றை எண்.

இரண்டாம் நாள்: இமேஜ்

விண்டோஸை முழுமையாக அணைத்தார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் சாதாரண ஷட்டவுன் என்பது பாதி உறக்கம்தான். அந்த நிலையில் எடுத்த இமேஜில் கோப்பு அமைப்பு அரைகுறையாக நிற்கும். ஷட்டவுன் கட்டளையை எஸ் சுவிட்ச்சோடு கொடுத்தால் முழு அணைப்பு.

பிறகு சிஸ்டம்ரெஸ்க்யூ லினக்ஸ் உள்ள பென்டிரைவிலிருந்து பூட் செய்தார்கள். எது மூலம், எது இலக்கு என்பதை டிஸ்க்கின் சீரியல் எண்ணை அதன் மேல் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டே உறுதி செய்தார்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறக்கூடியவை, அவற்றை நம்பி எழுதினால் மூலத்தின் மேலேயே எழுதிவிட நேரும்.

டிடிரெஸ்க்யூ முதல் சுற்று, கெட்ட இடங்களைச் சுரண்டாமல் விட்டுப் போகும் என் சுவிட்ச்சோடு, 3 மணி 5 நிமிடம். இரண்டாம் சுற்று, நேரடி வாசிப்பும் மூன்று மறுமுயற்சியும், இன்னும் 1 மணி நேரத்துக்குச் சற்று மேல். மூன்று கெட்ட இடங்களில் ஒன்று மீண்டது. கடைசி வரை வராதது 8192 பைட், அதாவது இரண்டு இடம்.

அந்த இரண்டும் எந்தக் கோப்பின் மேல் விழுகின்றன என்று தேடினார்கள். மேப் கோப்பில் இருப்பது டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து கணக்கிட்ட பைட் எண். அதை 512ஆல் வகுத்து, பார்ட்டிஷன் தொடங்கும் செக்டார் எண்ணைக் கழித்து, என்டிஎஃப்எஸ்கிளஸ்டர் என்ற கருவியிடம் கொடுத்தால் கோப்பின் பெயர் வரும். கழிக்க மறந்தால் வேறு ஏதோ கோப்பின் பெயர் வரும். தவறு என்றும் தெரியாது. இங்கே ஒரு இடம் சி டிரைவில் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற விண்டோஸ் கோப்புறையில் உள்ள ஒரு டிஎல்எல், அதாவது நிரல் கோப்பு. மற்றொன்று டி டிரைவில் எதுவும் எழுதப்படாத வெற்றிடம். விண்டோஸ் தானே சரிசெய்துகொள்ளக்கூடிய ஒரு கோப்பைத் தவிர எதுவும் இழக்கவில்லை என்பது எஸ்எஸ்டியில் ஒரு எழுத்து எழுதும் முன்பே தெரிந்துவிட்டது. கெட்ட டிஸ்க்கை மாற்றும் எவரும் இந்தக் கால் மணி நேரத்தைச் செலவிட்டே ஆக வேண்டும்.

மூன்றாம் நாள்: எஸ்எஸ்டி

பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையை எஸ்எஃப்டிஸ்க் கருவியில் உரைக் கோப்பாக எடுத்தார்கள். அதில் ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்கம், அளவு, வகை, அதற்கே உரிய அடையாளமான ஜியூஐடி எல்லாம் வரிவரியாக இருக்கும். திருத்தியது இரண்டு இடம்தான்: டிஸ்க்கின் கடைசி செக்டாரைச் சொல்லும் வரியை நீக்கினார்கள், டி டிரைவின் அளவை எடுத்துவிட்டு, மிச்சமுள்ள இடம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும்படி விட்டார்கள். பழைய டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கழற்றிய பிறகே அந்த அட்டவணையை எஸ்எஸ்டியில் எழுதினார்கள்.

ஜியூஐடிகளை மாற்றாமல் வைத்தது யோசித்துச் செய்தது. விண்டோஸின் பூட் அமைப்பான பிசிடி, எந்தப் பார்ட்டிஷனிலிருந்து ஏற வேண்டும் என்பதை ஜியூஐடி மூலமே நினைவில் வைத்திருக்கிறது. டிரைவ் எழுத்துகளும் ரெஜிஸ்ட்ரியில் அதே அடையாளத்தோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. புது அடையாளம் கொடுத்தால் 0எக்ஸ்சி000000இ என்ற பிழையோடு நீலத்திரை வரும். விண்டோஸ் நிறுவும் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளை மறுபடி எழுத வேண்டியிருக்கும். அடையாளம் மாறாததால் இங்கே அந்த வேலையே வரவில்லை.

இமேஜை வாசிப்பு மட்டும் என்ற நிலையில் லூப் சாதனமாக, அதாவது தனி டிஸ்க் போலத் தெரியும்படி, ஏற்றி, முதல் நான்கு பார்ட்டிஷன்களை எஸ்எஸ்டிக்கு எழுதினார்கள். எஸ்எஸ்டியை மட்டும் வைத்துக் கணினியை இயக்கியதும் விண்டோஸ் ஏறியது. மதர்போர்டின் அடிப்படை அமைப்பான பயாஸில் சாட்டா முறை ஏஎச்சிஐ என்று இருந்ததைத் தொடவில்லை. அதை மாற்றியிருந்தால் பூட் சாதனம் கிடைக்கவில்லை என்ற 0எக்ஸ்7பி பிழை வந்திருக்கும்.

விண்டோஸுக்குள் செய்தவை: டிஸ்ம் கட்டளையில் ரெஸ்டோர்ஹெல்த், பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். இரண்டும் விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்த்துத் திருத்துபவை. கெட்டுப்போன டிஎல்எல் மாற்றப்பட்டதாகப் பதிவு காட்டியது. டி டிரைவை ஃபார்மட் செய்து, முதல் நாள் நகலிலிருந்து கோப்புகளைத் திருப்பினார்கள். பார்ட்டிஷனை வெற்றிடம் உட்பட முழுவதுமாக எழுதியதால், எஸ்எஸ்டியின் பார்வையில் 250 ஜிபியும் நிரம்பிய இடம். அதை விடுவிக்க டிரைவ் ஆப்டிமைஸ் செய்யும் இடத்தில், எந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம்மை ஒருமுறை ஓட்டினார்கள்.

விண்டோஸ் உரிமம் அப்படியே நின்றது. டிஜிட்டல் உரிமம் முக்கியமாக மதர்போர்டைப் பார்ப்பது. கணக்கு மென்பொருளோ டிஸ்க்கின் சீரியல் எண் மாறியதைக் கண்டு மறுபடி ஆக்டிவேஷன் கேட்டது. பதிவு செய்த மின்னஞ்சல், வேலையை விட்டுப் போன ஒருவருடையது. அதைச் சரிசெய்ய அன்று மாலை வரை ஆயிற்று.

கணினி 35 விநாடியில் வேலைக்குத் தயாரானது. டெக்னீஷியன் பழைய டிஸ்க்கைக் கேபிள் கழற்றிய நிலையில் கேசுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனார். எஸ்எஸ்டி இரண்டாம் சாட்டா போர்ட்டில். முதல் போர்ட்டின் கேபிள், பழைய டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

ஆறாம் நாள்: சிக்கல்

காலையில் ஒரு பழைய ஸ்கேன் கோப்புறை தேவைப்பட்டது. டி டிரைவில் அது இல்லை. நீக்கப்பட்ட ஒரு பயனர் கணக்குக்கு உரியதாக இருந்ததால், முதல் நாள் ரோபோகாப்பி பிழை 5, அனுமதி இல்லை, என்று சொல்லி அதைத் தாண்டிப் போயிருந்தது. இளைஞர் கணினியை அணைத்து, தொங்கிய கேபிளைப் பழைய டிஸ்க்கில் சொருகி இயக்கினார். கோப்புறை கிடைத்தது. கணினி பழையபடி மந்தமாக இருந்தது. இரண்டு டிஸ்க் இருப்பதால் அப்படி என்று நினைத்துக்கொண்டார்கள்.

மதியம், முந்தைய நாள் போட்ட ஒரு பதிவைக் கணக்காளர் தேடினார். காணவில்லை. அதற்கு முந்தைய நாளுடையதும் இல்லை. பதிவு எண்ணைப் பார்த்தால், 2318இல் தொடங்கியிருக்க வேண்டிய அன்றைய பதிவுகள் 2241இல் தொடங்கியிருந்தன.

நடந்தது இது. எதிலிருந்து ஏற வேண்டும் என்று மதர்போர்டு வைத்திருக்கும் யூஈஎஃப்ஐ பூட் பதிவும் பார்ட்டிஷனை அதன் ஜியூஐடி, தொடக்கம், அளவு இவற்றால்தான் அடையாளம் காணும். இரண்டு டிஸ்க்கிலும் மூன்றுமே ஒன்று. முதல் போர்ட்டில் இருந்த பழைய டிஸ்க் முதலில் கண்ணில் பட்டது, அதிலிருந்து விண்டோஸ் ஏறியது. ஒரே அடையாளத்தில் இன்னொரு டிஸ்க் இருப்பதைக் கண்ட விண்டோஸ், எஸ்எஸ்டியை ஆஃப்லைனில் தள்ளிவிட்டது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அடையாள மோதல் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. திறந்து பார்க்கும் தேவை யாருக்கும் வரவில்லை. எஸ்எஸ்டிக்கு மாறிய பிறகு போட்ட 77 பதிவுகள் எஸ்எஸ்டியில் பத்திரமாக இருந்தன. அன்று காலையின் 37 பதிவுகள், அதாவது 2241 முதல் 2277 வரை, சாகக் கிடக்கும் டிஸ்க்கில் விழுந்திருந்தன.

தரவுக் கோப்புறையை எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. செய்திருந்தால் 77 பதிவுகளும் அழிந்திருக்கும், ஏனென்றால் எண்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. அதற்குப் பதிலாக 37 பதிவுகளையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றி, எஸ்எஸ்டியிலிருந்து ஏறி, 2318 முதல் கையால் உள்ளிட்டார்கள். கணக்காளருக்கு இரண்டு மணி நேர வேலை. அன்றைய இருப்புத் தொகை ஒப்பிட்டபோது சரியாக வந்தது. பழைய டிஸ்க்கின் சி5 எண் இதற்குள் 40 ஆகியிருந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஸ்கேன் கோப்புறை இமேஜில் முதலிலிருந்தே முழுமையாக இருந்தது. பழைய டிஸ்க்கைத் தொட வேண்டிய தேவையே இல்லை. அது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் சொல்லவில்லை. வெளி டிஸ்க்கில் என்ன இருக்கிறது, எப்படி எடுப்பது என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தால் ஆறாம் நாள் நடந்திருக்காது.

முதல் நாள் 4 ஜிபி கணக்குத் தரவை மட்டும் எடுத்திருக்க வேண்டும். டி டிரைவ் முழுவதையும் விண்டோஸுக்குள்ளிருந்து நகலெடுத்தது கெட்ட டிஸ்க்குக்கு இரட்டை வேலை. அனுமதித் தடையும் அதனால் வந்தது. மீதியை இமேஜிலிருந்தே எடுத்திருக்கலாம். ரோபோகாப்பி ஓட்டினால் தோல்விப் பத்தி பூஜ்யமா என்று பார்த்த பிறகே நகல் முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

ஜியூஐடியை அப்படியே வைத்த முடிவு தவறல்ல. அதுதான் முதல் பூட்டைச் சுலபமாக்கியது. ஆனால் அந்த முடிவை எடுப்பவர், இரட்டை டிஸ்க்குகளில் ஒன்றைக் கேசை விட்டு வெளியே எடுத்தே ஆக வேண்டும். கேபிளை மட்டும் கழற்றுவது போதாது. கழற்றிய கேபிளை யாரும் சொருகலாம். கேசுக்குள் விட்டுப்போன டெக்னீஷியனின் தவறுதான் இது, சொருகிய இளைஞருடையது அல்ல.

ஆக்டிவேஷன் விவரம், பதிவு மின்னஞ்சல், கடவுச்சொல் ஆகியவற்றைக் கணினியை அணைக்கும் முன்பே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

தற்போதைய நிலை

ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது எஸ்எஸ்டியில் பிழைப் பதிவு ஏதும் இல்லை. பழைய டிஸ்க், ‘பூட் செய்யாதே, அடையாளம் எஸ்எஸ்டியோடு ஒன்று’ என்று தேதியுடன் ஒட்டுத்தாள் ஒட்டி, நிலைமின் தடுப்புப் பையில் போட்டு அலமாரியில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக் கணக்கு முடிந்து, புதிய பேக்கப்பிலிருந்து ஒருமுறை முழுத் தரவையும் வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்த பிறகே அதை அழிப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். தினமும் மாலையில் கணக்குத் தரவு வெளி டிஸ்க்குக்குப் போகிறது. நகலின் தோல்வி எண்ணைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதும் பொறுப்பைக் கணக்காளர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.